பேசாத பொம்மை

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குப் பதினேழு பரிசுகள் வந்தன. அதில் பதினொன்று பேசின.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு நாய்க்குட்டி, பாதத்தை அமுக்கினால் ஆங்கிலத்தில் நிறங்களைச் சொன்னது. ஒரு டெலிபோன் ஆங்கிலத்துக்கும் மாண்டரினுக்கும் மாறி மாறித் தாவியது. ஓர் ஆமை மலாயில் பத்து வரைக்கும் எண்ணியது. நான்கு கால் பிளாஸ்டிக் மேசை ஒன்று எந்தப் பக்கம் தொட்டாலும் விளக்கைப் போட்டுப் பாடியது. மாடு ஒன்று, எதற்கென்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றில் ஒன்றுக்குக்கூடத் தமிழ் தெரியாது. கொண்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் ஆட்கள். அவர்களைச் சொல்லி என்ன செய்ய? கடையில் இருப்பதைத்தானே வாங்க முடியும். பினாங்குத் தீவு முழுக்க ஏறி இறங்கியும் தமிழ் பேசும் பொம்மையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது மூன்று மாதம். இந்த ஒன்றே கால் வருடத்தில் நான் வாங்கியவை, வாங்கி ஏமாந்தவை, தூக்கிப் போட்டவை, மாமியாரோடு சண்டை போட்டுத் தோற்றவை எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கூட வேலை செய்யும் இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். என்ன பொம்மை வாங்கலாம் என்று ஆளுக்கொரு தடவை கேட்டாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளாது.

எனக்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் க்யூ.சி. வேலை, அதாவது தரம் பார்க்கிற வேலை, பதினோரு வருடமாக. சர்க்யூட் போர்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஈயம் எங்கே சரியாக ஒட்டவில்லை என்று தேடுகிற பிழைப்பு. குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பொம்மைக் கடைக்கு என்னோடு வர அவருக்குப் பிடிக்காது.

முதலில் அந்தப் பாட்டு மேசையைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் அதைப் பிடித்துப்போனது. பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தட்டுவாள், அது பாடும், நாங்கள் சோபாவில் சாய்ந்துகொள்வோம். வேலை முடிந்து வந்த அலுப்புக்கு அது வரம் மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி உறைத்தது: மேசை பாட ஆரம்பித்தால் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பாப்பாவும்தான். அது வரைக்கும் 'ம்மா', 'த்தா', 'காக்கா' என்று எதையாவது கத்திக்கொண்டிருந்தவள், மேசைக்கு முன்னால் வாயைப் பிளந்தபடி நிற்கிறாள். சத்தமே வரவில்லை.

க்யூ.சி. புத்தி சும்மா இருக்குமா? ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கோடு போட்டு எண்ணினேன். கால் மணி நேரம் மேசையோடு: நான் சொன்னது எட்டு வாக்கியம், அதில் ஐந்து 'இங்க அமுக்கு'. அடுத்த நாள் அதே நேரத்துக்கு அத்தையும் (என் மாமியார்) பாப்பாவும் ஒரு மைலோ டின்னோடு உட்கார்ந்தார்கள். நாற்பதைத் தாண்டியதும் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த மைலோ டின் அத்தையின் கைவேலை. என் மாமியார் கெடாவில் கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பொம்மைக்கென்று தனியாகக் காசு செலவழிப்பார்கள் என்பதே அவருக்கு வேடிக்கை. காலி டின்னைக் கழுவிக் காயவைத்து, உள்விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கத் துணி டேப் சுற்றி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் கத்தியால் ஒரு நீளக் கீறல் போட்டார். ஜாம் பாட்டில் மூடிகள் ஏழு. அவ்வளவுதான். பாப்பா ஒவ்வொரு மூடியாகக் கீறலுக்குள் திணிப்பாள், உள்ளே 'டங்' என்று விழும். "எங்க போச்சு? ஆத்தா, மூடி எங்க போச்சு? உள்ள போயிருச்சா? பாட்டி வாய்க்குள்ள போயிருச்சா?" டின்னைத் திறந்து கவிழ்த்தால் ஏழும் கொட்டும். "ஒன்னு, ரெண்டு, மூணு... ஐயையோ ஒன்னக் காணோமே!" காணாமல் போன மூடி எப்போதும் அத்தையின் முந்தானைக்குள் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள் எங்கேயும் போய்விடவில்லை என்று பிள்ளைக்குப் புரிவது, மூடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் கீறலுக்குள் போகும் என்று விரல் கற்றுக்கொள்வது, எண்ணிக்கை, உள்ளே வெளியே என்கிற சொற்கள், எல்லாம் அந்த டின்னில் இருந்தன. பாட்டு மேசையின் அட்டைப் பெட்டியில் இதே சங்கதிகளைப் பச்சை எழுத்தில் அச்சடித்து நூற்று நாற்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டிருந்தார்கள்.

என் கோட்டுக் கணக்கு ஒரு வீட்டுக் கணக்குதான், இரண்டு நாள் பார்த்தது, அதற்கு மரியாதை ஒன்றும் கிடையாது. ஆனால் இதையே ஒழுங்காகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வட அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா என்பவர் 2015 இறுதியில் ஓர் ஆய்வு வெளியிட்டார். 10 மாதத்திலிருந்து 16 மாதம் வரையுள்ள 26 பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், மூன்று விதப் பொருள்கள். பேசும் பண்ணை, குழந்தை லேப்டாப், குழந்தைக் கைபேசி ஒரு பக்கம். மரப் புதிர், வடிவங்களை ஓட்டைக்குள் போடும் பெட்டி, படம் போட்ட ரப்பர் கட்டைகள் இன்னொரு பக்கம். மூன்றாவது, கெட்டி அட்டைப் புத்தகங்கள். வீட்டிலேயே விளையாட விட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மைகளோடு விளையாடும்போதுதான் பெற்றோர் குறைவாகப் பேசினார்கள், பிள்ளையும் பெற்றோரும் மாறி மாறிப் பேசுவதும் குறைந்தது. புத்தகத்தோடு இருந்தபோது பேச்சு அதிகம். பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம், விஷயம் அவ்வளவுதான்.

ஆங்கிலம் பேசும் வீட்டுக்கு இதனால் நட்டம் கொஞ்சம்தான். பெற்றோர் விட்ட இடத்தைப் பொம்மை ஆங்கிலத்திலேயே அரைகுறையாக நிரப்பும். நம் வீட்டில் கதை வேறு. பிள்ளைக்கு ஆங்கிலம் தெருவில் கிடைக்கும், மலாய் கடையில் கிடைக்கும், மாண்டரின் லிஃப்டில் கிடைக்கும். தமிழ் எங்கள் ஆறு பேர் வாயிலிருந்து மட்டும்தான் வரும். அந்த ஆறு வாயையும் அடைக்கிற சாமானைக் கூடத்தில் வைத்துக்கொள்வானேன் என்று எனக்குத் தோன்றியது. அன்று ராத்திரியே ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பதினொன்றில் எட்டுக்கு பேட்டரியைக் கழற்றினேன். சிரிக்கும் மாடு முதலில். மேசையைக் கீழ் மாடி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். அவர்கள் அதற்காக நன்றி சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இனி ஆபத்துகள். இதில் மட்டும் நான் விளையாட்டுப் பேச்சு பேசமாட்டேன்.

தைப்பூச சமயம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு சாலையோரக் கடையில், நுனியில் நட்சத்திரம் மின்னும் குச்சி ஒன்றை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார். ஐந்து வெள்ளி. அவள் அழுதாள், வாங்கினார், நானும் தடுக்கவில்லை, கூட்டத்தில் யாருக்குத் தெம்பு? காரில் ஏறிப் பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது. திரும்பிப் பார்த்தால் குச்சியின் அடிமூடி கழன்று கிடக்கிறது. அவள் உள்ளங்கையில் ஒரு பட்டன் பேட்டரி. இருக்கையில் இன்னொன்று. குச்சிக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று பேட்டரி போடும் இடம்.

காரை ஓரம் கட்டச் சொல்லி, அவளைத் தூக்கி, வாயைத் திறந்து பார்த்து, இருக்கையைக் குடைந்து, தரைவிரிப்பை உரித்து... மூன்றாவது, முன் இருக்கைத் தண்டவாளத்துக்குள் கிடந்தது. ஏழு நிமிடம் இருக்கும். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பியே விட்டார்.

அது ஏன் அவ்வளவு பயம் என்று வேலையிடத்தில் ஒரு தம்பி கேட்டான், தினம் பேட்டரியோடு புழங்குகிறவன். பேட்டரி கசிந்து விஷமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முக்கியமான கேடு அது இல்லை. உணவுக்குழாயில் சிக்கினால், அந்த ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடி, பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் கடுமையான காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண்ணாகிவிடலாம். தீர்ந்துபோனது என்று நாம் தூக்கிப் போடும் பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். பெரிய சனியன் 2032 என்று எண் போட்ட லித்தியம் பேட்டரி. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். சின்னப் பிள்ளையின் தொண்டையில் போய் நிற்பதற்கென்றே செய்த அளவு. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. விஷம், மருந்து என்று பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் ஆலோசனை கேட்க தேசிய நச்சு மையம் நம் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வளாகத்திலேயே இருக்கிறது. அதன் எண் எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பேட்டரி என்றால் மட்டும் அதைச் சாக்காக வைத்துக் காத்திருக்க வேண்டாம், வண்டியில் ஏறிக்கொண்டே கூப்பிடுங்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சட்டம்: பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லையென்றால் பொம்மை வாசற்படி தாண்டாது. அழுதாலும் சரி, தைப்பூசமானாலும் சரி.

அடுத்தது தொண்டை. பொம்மைச் சோதனைக்கூடங்களில் ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடி சாய்வாக இருக்கும், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டைக்குப் பதில் அது. எந்தத் துண்டு அதற்குள் முழுசாக அடங்குகிறதோ அது அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் அந்தக் குழாய்க்கு எங்கே போவது? டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழல் போதும். அது கொஞ்சம் அகலம், அதனால் நம் சோதனை இன்னும் கறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைக் குழலோடு வீடு முழுக்கச் சுற்றினேன். சிக்கியவற்றில் பாதி பொம்மையே இல்லை. பேனா மூடி, அத்தையின் கொட்டைப் பாக்கு, ரம்புத்தான் கொட்டை, திராட்சை. பருவத்தில் ஒரு கட்டு ரம்புத்தான் வாங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்து உரிக்கிற வீடு நம்முடையது. பொம்மையைக் குறை சொல்லிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

பந்துக்குத் தனி அளவு, எனக்கே இது புதுசு. உருண்டையாக இருப்பது தொண்டையை முழுசாக அடைத்துவிடும் என்பதால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பந்து 44.5 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நுழையக் கூடாது. பிங்பாங் பந்து எவ்வளவு தெரியுமா? 40. வீட்டுக்காரர் அவளுக்கு உருட்டி விளையாடக் கொடுத்திருந்தது அதைத்தான். உடைந்த பலூன் துண்டு, காந்தம், தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் மணி மூன்றையும் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை, கிட்ட சேர்க்காதீர்கள். காந்தம் ஒன்றுக்கு இரண்டாக வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு மடிப்புக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துச் சதையை நசுக்கி ஓட்டை போடும். இழுவை வண்டியின் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளமானால் வெட்டிவிடுவேன்.

மலேசியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2009இலிருந்து பாதுகாப்பு விதிமுறைகள் இருக்கின்றன. பெட்டியில் எம்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், அவிழ்த்துக் கொட்டி விற்பதில் பெட்டியே இருக்காது, முத்திரைக்கு எங்கே போவது. நான் அங்கே வாங்குவதையே விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். துணிப் பந்து வாங்குவேன்.

இன்னொன்று, இது என் தொழில் சார்ந்த ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். பொம்மையைக் கீழே போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க விதிப்படி ஒன்றரை வயது வரையுள்ள பிள்ளையின் பொம்மையை நாலரை அடி உயரத்திலிருந்து பத்துத் தடவை போட வேண்டும். ஒன்றரையிலிருந்து மூன்று வயது வரைக்கும் உள்ளதை மூன்றடியிலிருந்து நான்கு தடவை. சின்னப் பிள்ளைக்கு ஏன் அதிக உயரம் என்று யோசித்தேன். அத்தை இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பாப்பா வீசும்போது புரிந்த மாதிரி இருந்தது. நடக்கத் தெரியாத பிள்ளை எப்போதும் யாரோ ஒருவர் உயரத்தில்தானே இருக்கிறது. உடைந்தால் உள்ளே என்ன வெளியே வரும் என்பதுதான் அந்தச் சோதனையின் கேள்வி. கடையில் நான் பொம்மையை ஆட்டிக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்து விற்பனைப் பெண்கள் சிரிப்பார்கள். உள்ளே எதாவது உருண்டால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அத்தையோடு சண்டை என்று சொன்னேனே, அது வாக்கருக்காக. உட்காரவைத்துச் சக்கரத்தில் ஓடவிடுவார்களே, அது. நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. கனடாவில் 2004இலிருந்து அதை விற்கவே கூடாது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் தடை செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும், நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. நான் கனடாவையும் அமெரிக்காவையும் இழுத்துப் பேசப் பேச அத்தைக்குக் கோபம் வந்தது. "எம் புள்ளைங்க அஞ்சு பேரும் நடக்கலையா? அதுக்கு நடவண்டிதான். உக்கார வெச்சா நடக்குமா, நின்னாத்தான நடக்கும்!" அப்புறம்தான் கவனித்தேன், வாக்கரை எதிர்த்து என்னைவிட நல்ல வாதத்தை வைத்தவர் அவர்தான். சண்டை எதற்கு என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

நடைவண்டி கூலிமிலிருந்து வந்தது. அத்தையின் தம்பி ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலை செய்தவர், மிஞ்சிய ரப்பர் மரத்துண்டுகளில் செய்து கொடுத்தார். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம். பிள்ளை நின்று தள்ள வேண்டும், தள்ளினால்தான் போகும். நம் கூடத்து டைல்ஸில் அது ரொம்ப வேகமாக ஓடியதால், சக்கரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினோம்.

ரப்பர் மரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வடிவங்களைப் பொருத்தும் மரப் பெட்டி ஒன்று வாங்கினேன், தாய்லாந்துச் சரக்கு, பிளான்டாய்ஸ். அவர்கள் 1981இலிருந்து பால் வற்றிய ரப்பர் மரத்தில் பொம்மை செய்கிறவர்கள். மரத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் பால் எடுத்த பிறகு வெட்டிவிடுவார்கள், முன்பெல்லாம் அது அடுப்புக்குப் போகும். பெட்டியைப் பிரித்து அத்தை கையில் கொடுத்து, இது எந்த மரம் சொல்லுங்கள் என்றேன். தடவினார், மோந்து பார்த்தார், நகத்தால் கீறினார். "பால் மரமா?" என்றார். விலையைக் கேட்டார். நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கட்டையைக் காட்டி, விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு போனது, கோட்டுக் கத்தியால் பட்டையைச் சீவுவது, பால் வழிந்து கோப்பையில் சொட்டுவது, மழை வந்தால் அன்றைய கூலி போவது என்று சொல்லிக்கொண்டே போனார். பிள்ளைக்கு என்ன புரிந்ததோ, 'சொட்டு சொட்டு' என்ற சொல் மட்டும் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த முக்கோணக் கட்டைக்குப் பெயர் சொட்டு.

மரப் பொம்மை எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. இணையக் கடைகளில் எதன் மேலும் மாண்டிசோரி என்று ஒட்டி மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக இந்தியாவிலேயே பல வருடம் தங்கிப் பயிற்சி கொடுத்தவர். அவர் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொன்னவற்றில் தண்ணீர் ஊற்றும் குவளை, துடைக்கும் துணி, பொத்தான் போடும் சட்டம் எல்லாம் உண்டு. அதனால் லிட்டில் இந்தியாவில் மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பதினான்கு வெள்ளிக்குச் சின்ன எவர்சில்வர் டம்ளர் இரண்டு, ஒரு கரண்டி, உள்ளங்கை அகலச் சட்டி ஒன்று வாங்கினேன். சொப்பு கேட்டேன், இல்லை. இது நிஜப் பாத்திரம் என்பதால் இன்னும் தோதாகிவிட்டது. நான் சமைக்கும்போது சமையலறைத் தரையில் அவளும் சமைக்கிறாள். தாளிப்பதற்கு வாயாலேயே 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடுவாள். இது வரைக்கும் வாங்கியதில் எதை அதிகம் விளையாடினாள் என்று கேட்டால் இந்தப் பதினான்கு வெள்ளிதான்.

அடுத்த இடம் டூப்லோ கட்டைகளுக்கு. சாதாரண லேகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு. பழசாகவே வாங்கினோம், லோரோங் கூலிட் சந்தையில், ஒரு பை முப்பது வெள்ளி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே பெயின்ட் உரியும் பழைய உலோகக் கார்கள் அழகாக இருக்கும், கைகூட வைக்கமாட்டேன். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், பாப்பாவுக்கு எல்லாமே வாய்க்குத்தான் முதலில் போகும்.

கட்டைகளால் வீட்டில் ஒரு மொழிப் பிரச்சினை வந்தது. நீலக் கட்டையை அத்தை ஊதா என்கிறார். நான் நீலம் என்கிறேன். கத்திரிப்பூ நிறத்தை நான் ஊதா என்பேன், அத்தைக்கு அது கத்திரிப்பூ கலர். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் 'ப்ளூ'. பேசும் நாய்க்குட்டி இருந்திருந்தால் ஒரே பதில் சொல்லி முடித்திருக்கும். பாப்பா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டியிடம் கேட்கும்போது ஊதா, என்னிடம் நீலம், அப்பாவிடம் ப்ளூ. எந்தக் கல்விப் பொம்மையிலும் இந்தப் பாடம் இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எத்தனை பொம்மை வேண்டும் என்றும் கேட்டார்கள். நாலு. அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஒரு தடவை நாலு பொம்மையோடும் ஒரு தடவை பதினாறு பொம்மையோடும் விட்டுப் பார்த்தார்கள். நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து விதவிதமாகவும் விளையாடினார்கள். எங்கள் வீட்டில் மிச்சமெல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டியில். ஞாயிறு ராத்திரி அவள் தூங்கிய பிறகு மாற்றி வைப்பேன். திங்கட்கிழமை காலையில் பழைய பொம்மையைப் புதுசு போலக் கட்டிப்பிடிப்பாள். செலவில்லாத பிறந்தநாள்.

கைபேசி? இரண்டு வயதாகும் வரைக்கும் திரை வேண்டாம், அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரு மணி நேரத்துக்குள் நிற்கிறோம், முடி வெட்டும் நாள் தவிர.

தோட்டத்தில் பிள்ளைகள் ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலறவிடுவார்களாம். வீட்டுக்காரர் அதைப் பாப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு கைப்பிடி கொட்டையைக் கூலிமிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். அட்டைக் குழலில் சரசரவென்று நுழைந்தது. பச்சைக் கொட்டையில் நஞ்சும் உண்டு. அலமாரி உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறேன். பல்லாங்குழியும் அங்கேதான், முத்துகள் அவள் தொண்டையைவிடச் சின்னதாக இருக்கும் வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

கழற்றிய பேட்டரிகளை நான் திரும்பப் போடவில்லை. ஆமையைப் பாப்பா பாத்திரம் மூட எடுத்துக்கொள்கிறாள். மாடு சிரிப்பதில்லை. அந்த நாய்க்குட்டியை மட்டும் போன மாதம் தானே தேடி எடுத்து, தினம் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்கிறாள். நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. கதவருகில் போய் நின்றேன். பாதத்தை அமுக்கிக்கொண்டே நாய்க்காக அவளே பேசுகிறாள், அப்படியே அத்தையின் குரல், கூலிம் தோட்டத்து இழுவை மாறாமல்.

"ஆத்தா, சோறு தின்னியா? மூடி எங்க போச்சு?"